அனான்சியா, டீ-ஜானா, சூக்குயானா? குழந்தைங்களுக்கு கரீபியன் கதை போட நாலு வழி

அக்டோபர் நெருங்கினா லண்டன் பக்கத்துல இருந்தும், ஃபெப்ரவரி நெருங்கினா கனடால இருந்தும் ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். பிளாக் ஹிஸ்டரி மந்துக்கு (கறுப்பின மக்களோட வரலாற்றைக் கொண்டாடற மாசம்) ஸ்கூல்ல ஏதாவது பண்ணணும், கிளாஸ்ல ஜமைக்கா, டிரினிடாட், கயானா குடும்பத்துப் பசங்க இருக்காங்க, இந்தத் தடவை சும்மா போஸ்டர் ஒட்டாம அவங்க ஊர்க் கதை ஒன்ன மேடையில போடலாம்னு இருக்கோம், எந்தக் கதை நல்லா இருக்கும்னு கேப்பாங்க. டீச்சருங்க கேக்குறாங்க, சனிக்கிழமை தமிழ் கிளாஸ் நடத்துறவங்களும் கேக்குறாங்க.

எந்தக் கதைங்கறதை கொஞ்சம் தள்ளி வைங்க, எந்த ரூபத்துல போடறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அந்தத் தீவுகள்ல கதைங்கறது ஒருத்தர் சொல்ல மத்தவங்க கைய கட்டிட்டு கேக்குற சமாச்சாரம் கிடையாது. டிரினிடாட்ல சொல்றவர் "கிரிக்?"னு கேட்டா கூட்டம் "கிராக்!"னு கத்தணும், ஹைட்டில "டிம் டிம்?"னா "ப்வா ஷெஷ்!"னு பதில் வரணும், வரலன்னா சொல்றவர் அடுத்த வரிக்குப் போக மாட்டார். அனான்சிங்கற ஏமாத்துக்கார சிலந்தியோட கதைய எடுத்து, நாலு சுவர் வீட்டுக்குள்ள நடக்குற சாதா நாடகமா எழுதி, லைட்டை அணைச்சு, பசங்கள "ஷ்ஷ்"னு உக்கார வெச்சுட்டீங்கன்னா கதையில பாதிய வெளியில விட்டுட்டு மீதிய மட்டும் மேடையேத்துறீங்கன்னு அர்த்தம்.

மொதல்ல எதெல்லாம் பாக்கணும்

நான் அஞ்சு விஷயம் பாப்பேன். சபையில இருக்கற குழந்தைங்க வாயத் திறக்க வழி இருக்கா. பயம் எந்த அளவு, ஏன்னா இந்தக் கதைகள்ல ரத்தம் குடிக்கறதும் செத்த குழந்தையும் சாதாரணமா வரும், 5 வயசுக்கும் 12 வயசுக்கும் ஒரே கதை சரிப்படாது. காசு எவ்வளவு, அதுல உரிமைக் கட்டணம் உண்டா. ஒத்திகைக்கு எத்தன வாரம் கையில இருக்கு.

அஞ்சாவது பாஷை, இதுல தான் நல்ல மனசோட ஆரம்பிக்கறவங்க கூட சறுக்குறாங்க. ஜமைக்கா பேச்சு தெரியாத பையன் அந்த ஆக்சென்ட்ட வரவழைச்சுப் பேசினா, அவன் நெனைக்கலன்னாலும் கேக்கறவங்களுக்கு அது கிண்டலாத் தான் படும், அதுவும் முன் வரிசையில ஒரு ஜமைக்கா பாட்டி உக்காந்திருந்தாங்கன்னா கேக்கவே வேணாம். தமிழ்ல போடறவங்க சில பேர் அனான்சிக்கு சென்னை லோக்கல் பாஷை குடுத்துடறாங்க. சிரிப்பு வரும், ஆனா ஏழைன்னா காமெடின்னு ஆயிடுது, அது எனக்குப் பிடிக்கல. கேள்வி பதில் வரிகளையும் பாட்டுகளையும் மட்டும் அவங்க பாஷையில அப்படியே வெச்சுக்கிட்டு, மீதிய அவங்கவங்க வீட்ல பேசற மாதிரியே பேச விட்டுடுங்க. முகத்துல கரி பூசறதெல்லாம் எந்தக் கதைக்கும் கூடாது, இதச் சொல்ல வேண்டியதில்லன்னு நெனைச்சேன், ஆனா இன்னமும் கேக்குறாங்க.

வழி 1: ஒரு ஸ்டூல், ஒரு கதைசொல்லி

இதுக்கு அனான்சி தான் ராஜா. கானா நாட்டு அக்கான் மக்களோட சிலந்தி, அடிமைக் கப்பல்கள்ல வந்தவங்களோட சேர்ந்து ஜமைக்காவுக்கு வந்துச்சு, குரசாவ்ல நான்சின்னு பேரு. பாதி சிலந்தி, பாதி மனுஷன், சோம்பேறி, பெருந்தீனி, கையில காலணா இருக்காது, ஆனா புலிய ஏமாத்திடுவான். சவுக்கு வெச்சிருக்கறவன எதுத்துப் பேச முடியாத ஜனங்க ராத்திரில உக்காந்து இந்தக் கதையக் கேட்டு எதுக்கு சிரிச்சாங்கன்னு புரிஞ்சா, எப்படிச் சொல்லணும்னும் புரிஞ்சிடும்.

ஒரு கதைய எடுத்துக்கலாம். கதைகள் எல்லாத்துக்கும் புலியோட பேரு தான் இருக்கு, அத எம்பேர்ல மாத்திக் குடுன்னு அனான்சி கேக்குறான். பாம்பை உயிரோட கட்டிக் கொண்டா, அப்புறம் பாக்கலாம்னு புலி சொல்லுது. அனான்சி பாம்புகிட்ட போய், நீ தான் நீளம்னு நான் சொல்றேன், இவங்க மூங்கில் தான் நீளம்னு சொல்றாங்க, வா அளந்து பாத்துடலாம்ங்கறான். மேடையில ஒரு நீள மூங்கில், ஒரு பொண்ணு பாம்பா அது பக்கத்துல படுத்திருக்கா. வால் நகர்ந்துடக் கூடாதுன்னு ஒரு துணியால கட்டு, அப்புறம் நடுவுல ஒரு கட்டு. "இன்னும் கொஞ்சம் நீட்டு"ன்னு அனான்சி சொல்ல, சபையில இருக்கற வாண்டுங்க எல்லாம் "இன்னும்! இன்னும்!"னு கத்தும், பாம்பு கண்ண இறுக்கி மூடிட்டு நீட்டும், கழுத்துல கடைசிக் கட்டு விழும். ஒரு மூங்கில், மூணு துணி, செலவு அவ்வளவு தான். (துணிய சுத்தி மட்டும் விடுங்க, கழுத்துல நிஜமா முடிச்சு போடாதீங்க.)

கண்ணுக்குத் தெரியாத செலவு என்னன்னா, எல்லாமே ஒரே ஆளோட தலையில நிக்குது. அவருக்குக் காய்ச்சல்னா அன்னிக்கு ஷோ இல்ல, அவர் சுமார்னா ஷோவும் சுமார், மறைக்க செட்டும் இல்ல பாட்டும் இல்ல. இன்னொன்னு, ஜமைக்கால பழைய கதைசொல்லிங்க அனான்சிய மூக்கால, நாக்கு தடுக்கற மாதிரி பேச வைப்பாங்க. கேக்க ஜோரா இருக்கும், ஆனா சபையில ஸ்பீச் தெரபிக்குப் போற குழந்தை ஒன்னு இருக்கும், அதனால நான் குரலை விட்டுட்டு நடைய மட்டும் மாத்தச் சொல்வேன்.

அப்புறம் பெத்தவங்க கேக்குற கேள்வி இருக்கே, பொய் சொல்றவன் ஜெயிக்கறானே, இதையா குழந்தைக்குச் சொல்லித் தர்றீங்கன்னு. அதுக்கு பயந்துட்டு கடைசில அனான்சிய மன்னிப்பு கேக்க வைக்கற ஸ்கிரிப்டுங்க இருக்கு, பாவம், கதை செத்துடும். இதுக்கு ஜமைக்காக்காரங்களே ஒரு வழி வெச்சிருக்காங்க. கதை முடிஞ்சதும் சொல்றவர் "ஜாக் மண்டோரா, மி நோ சூஸ் நன்"னு சொல்லணும். ஜாக் மண்டோரா சொர்க்க வாசல்ல நிக்கற காவல்காரர்னு சொல்வாங்க, அவர்கிட்ட சொல்றவர் கைய விரிச்சிடறார், நான் கேட்டதைச் சொன்னேன், அதுல இருக்கற திருட்டுத்தனத்துக்கு நான் பொறுப்பில்ல. அதையே சபைய சேர்ந்து சொல்ல வெச்சா போதும், தனியா நீதி எதுவும் ஒட்ட வேணாம்.

இந்த வழிய நேர்ல செஞ்சு காட்டினவங்க லூயிஸ் பென்னட், எல்லாருக்கும் மிஸ் லூ. 1919ல கிங்ஸ்டன்ல பொறந்து, லண்டன் ராடா நாடகப் பள்ளியில படிச்சுட்டு, திரும்பி வந்து ஜமைக்கா பேச்சு மொழியிலயே மேடை ஏறினாங்க. 1970ல இருந்து 1982 வரைக்கும் டிவில ரிங் டிங்னு குழந்தைங்க ஷோ நடத்தினாங்க. கடைசிக் காலத்துல டொரண்டோல இருந்து 2006ல ஸ்கார்பரோல தான் இறந்தாங்க, அதனால ஸ்கார்பரோ தமிழ் ஆட்களுக்கு இவங்க பக்கத்து வீட்டுப் பாட்டி கணக்கு. இவங்க கதை சொல்ற பழைய வீடியோ ஒன்ன கதைசொல்லியா வரப்போறவருக்குப் போட்டுக் காட்டினா பாதி வேல முடிஞ்சிடும்.

வழி 2: ஜமைக்கா ஸ்டைல் பான்டோமைம்

பான்டோங்கறது இங்கிலாந்துல கிறிஸ்துமஸ் டைம்ல போடற பாட்டு, கூத்து, கும்மாளம். 1941ல கிங்ஸ்டன்ல லிட்டில் தியேட்டர் மூவ்மென்ட் இத ஆரம்பிச்சப்ப போட்டது அசல் வெள்ளைக்காரக் கதை, ஜாக்கும் அவரைக்கொடியும் தான். 1949ல நீலத்தாடிக்காரன் கதைக்குள்ள அனான்சி நுழைஞ்சார், மிஸ் லூவும் நடிகர் ரேனி வில்லியம்ஸும் அதுல நடிச்சாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கதையும் பேச்சும் பாட்டும் ஜமைக்காவோடதாவே ஆயிடுச்சு. டிசம்பர் 26 அன்னிக்கு திறக்கறது வழக்கம், குடும்பத்தோட கிளம்பிப் போவாங்க.

இதோட பெரிய பலம், 60 பசங்க இருந்தாலும் எல்லாருக்கும் வேல இருக்கும். சந்தை சீன் ஒன்னு போட்டா 20 பேர் உள்ள போயிடுவாங்க. வில்லன் வந்தா சபை ஊளையிடும், பின்னாடி நிக்கறான் பாருன்னு கத்தும், அதனால கேள்வி பதில் மரபும் கெட்டுப் போகாது.

கையக் கடிக்கறது பாட்டு. லைவ் டிரம் இல்லாம டிராக் போட்டு ஓட்டினா சபை கத்தும்போது பாட்டு நிக்காது, ஆட்டம் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம்னு போயிடும். நாட்டுப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லன்னாலும் யூடியூப்ல கேக்குற அந்த அரேஞ்ச்மென்ட் யாருக்காவது சொந்தமா இருக்கும். இதுக்கு மாற்று, ரிங் கேம்ஸ். ஜமைக்காப் பசங்க வட்டமா நின்னு கைதட்டிப் பாடற விளையாட்டுப் பாட்டுங்க, பேண்டே வேணாம். வால்டர் ஜெக்கில்ங்கறவர் 1907ல அனான்சி கதைகளோட இந்த வட்டப் பாட்டுகளையும் மெட்டோட சேர்த்து புத்தகமாப் போட்டுட்டார், காப்பிரைட் எப்பவோ முடிஞ்சு போச்சு. கவனமா வாசிங்க, சில வார்த்தைகள் இப்ப குழந்தைங்க முன்னாடி சொல்லக் கூடாது.

ஒத்திகைக்கு 10 வாரத்துக்குக் கம்மியா இருந்தா இந்தப் பக்கம் வராதீங்க.

வழி 3: எழுதி ரெடியா இருக்கற நாடகம்

இதுல எல்லாரும் கேக்குறது டெரெக் வால்காட் எழுதின டீ-ஜான் அண்ட் ஹிஸ் பிரதர்ஸ். வால்காட் செயின்ட் லூசியாக்காரர், 1992ல நோபல் வாங்கினவர், இந்த நாடகம் மொதல்ல மேடையேறினது 1958ல, போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல. கதை குழந்தைக் கதை தான். மூணு அண்ணன் தம்பி. சாத்தானோட பந்தயம் கட்டறாங்க, யாருக்கு மொதல்ல கோவம் வருதோ அவன் தோத்தான், பசங்க தோத்தா சாத்தான் சாப்டுடுவான். பலசாலி அண்ணன் போறான், தோட்ட முதலாளி வேஷத்துல இருக்கற சாத்தான் அவன் பேரையே தப்பு தப்பா கூப்பிட்டு வெறுப்பேத்தி முழுங்கிடறான். படிச்ச அண்ணன் ஆட்டைப் பத்தின வாதத்துல மாட்டிக்கறான். சின்னவன் டீ-ஜான்கிட்ட கரும்பு இலைய எண்ணுன்னு சாத்தான் சொன்னா, அவன் கரும்புத் தோட்டத்தையே கொளுத்தச் சொல்லிடறான். கதைய சொல்றது ஒரு தவளை, நம்ம கூத்துல கட்டியங்காரன் மாதிரி உள்ளயும் வெளியயும் நின்னு பேசும்.

எழுத்து அபாரம். ஆனா இத "குழந்தைகள் நாடகம்"னு தலைப்பப் பாத்து எடுத்துடாதீங்க. ஆட்டுக்கு காயடிக்கற சீன் இருக்கு, குடிச்சுட்டு உளர்ற சாத்தான் இருக்கான், அம்மா செத்துப் போறாங்க, பொறக்காமயே போன ஒரு சிசு, போலோம்னு பேரு, எனக்கு வாழ்க்கை குடுன்னு அழுதுட்டு வரும். 13 வயசுக்கு மேல இருக்கற பசங்களுக்கு இதவிட நல்ல ஸ்கிரிப்ட் நான் சொல்ல மாட்டேன், தோட்ட முதலாளி யாரு, எதுக்குக் கொளுத்தினான்னு அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க. 8 வயசுக்கு வேணாம். சீன வெட்டிட்டு போடலாமேன்னு கேப்பீங்க, உரிமை வாங்கித்தான் போடணும், அனுமதி இல்லாம வெட்டறதும் தமிழ்ல மொழிபெயர்க்கறதும் முடியாது. இந்த உரிமைக் கட்டணமும் பதிலுக்குக் காத்திருக்கற நேரமும் தான் யாரும் கணக்குல சேர்க்காத செலவு.

ஒரு குறுக்கு வழி சொல்றேன். யாருக்கு மொதல்ல கோவம் வருதுங்கற பந்தயம் வால்காட் கண்டுபிடிச்சது இல்ல, பல நாட்டு நாட்டார் கதைகள்ல இருக்கு, டீ-ஜானும் பிரெஞ்சுக் கிரியோல் (பிரெஞ்சுல இருந்து உருவான தீவுப் பேச்சு) பேசற தீவுகள்ல வாய்வழியா சுத்திட்டு இருந்த பையன் தான். வால்காட்டோட வரிகளையும் அவர் சேர்த்த பாத்திரங்களையும் தொடாம, வாய்வழிக் கதைய எடுத்து நீங்களே எழுதிக்கலாம், கோவத்த அடக்கற விளையாட்டுல சபைப் பசங்களையே போட்டிக்கு இழுக்கலாம்.

பாட்டோட ரெடிமேடா வேணும்னா ஒன்ஸ் ஆன் திஸ் ஐலண்ட் மியூசிக்கல் இருக்கு, 1990ல பிராட்வே போனது, ஸ்கூல்களுக்குன்னே சுருக்கின ஜூனியர் வெர்ஷனும் லைசென்ஸ் வாங்கிப் போடலாம். நாட்டார் தெய்வங்கள் வரும், ஆனா கதை நிறத்தாலயும் வசதியாலயும் பிரிஞ்சு கிடக்கற ரெண்டு கூட்டத்தப் பத்தினது, உங்க பசங்கள்ல யார எந்தப் பக்கம் நிக்க வைப்பீங்கன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

வழி 4: முகமூடி, கட்டைக்கால், பேய்க் கூட்டம்

டிரினிடாட் கார்னிவல் வழி. மேடைன்னு ஒன்னு இல்லாம ஹால் வாசல்ல இருந்தே ஊர்வலமா வரலாம். மிட்நைட் ராபர்னு ஒருத்தன், குடை சைஸ் தொப்பி, கருப்பு அங்கி, விசில், நான் பொறந்தப்போ சூரியன் பயந்து ஒளிஞ்சுச்சுங்கற ரேஞ்சுல அளந்து விடுவான். பியரோ கிரனேட் கந்தல் துணிய அடுக்கி தைச்ச சட்டையில வந்து, பெரிய வார்த்தைய எழுத்துக் கூட்டறேன்னு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை விடுவான். இவங்க ரெண்டு பேரும் 9ல இருந்து 12 வயசுக்கு வரப்பிரசாதம், ஏன்னா டயலாக் பசங்களே எழுதணும், எவன் பெரிய புளுகு புளுகறான்னு கிளாஸே போட்டி போடும். அட்டை, பெயின்ட், பழைய துணி போதும்.

மோக்கோ ஜம்பி வேற கதை. கட்டைக்கால்ல நடக்கறது போர்ட் ஆஃப் ஸ்பெயின் பக்கத்துல சின்னப் பசங்களே கத்துக்கறாங்க, ஆனா அது மாசக்கணக்கான பயிற்சி, உங்க ஸ்கூல் இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது, சீலிங்கும் இடிக்கும். தெரிஞ்ச குழுவ காசு குடுத்து கூப்பிடுங்க.

அப்புறம் காட்டு ஆவிங்க. பாப்பா ப்வா, காட்டைக் காக்கற கிழவர், தாடியில இலை, காலுக்கு பதில் குளம்பு, வேட்டைக்காரன மொறைப்பார், இவர் எந்த வயசுக்கும் ஓகே. லா ஜாப்லெஸ் ஆம்பளைங்கள மயக்கிக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறவ, சின்னப் பசங்க ஷோவுல அவளுக்கு வேலையே இல்ல.

டுவென் விஷயத்துல மட்டும் நிதானம் வேணும். ஞானஸ்நானம் வாங்காம செத்த குழந்தைங்க, முகம் கிடையாது, பெரிய ஓலைத் தொப்பி, பாதம் பின்பக்கமா திரும்பி இருக்கும். ஷூவ திருப்பி ஒட்டினா மேடையில அருமையா இருக்கும், தெரியும். ஆனா குழந்தைய இழந்த அம்மா ஒருத்தங்க சபையில இருக்கலாம். டுவென் செய்யற வேல, குழந்தையோட பேரத் தெரிஞ்சுக்கிட்டு கூப்பிட்டுக் கூட்டிட்டுப் போறது, அதனால தான் அந்தி நேரத்துல வெளிய நின்னு புள்ளை பேரச் சொல்லிக் கூப்பிடாதேம்பாங்க. நம்ம ஆட்கள் கதை சொல்லும்போது முன் வரிசைக் குழந்தைகிட்ட "உன் பேரு என்னம்மா?"ன்னு ஆசையா கேப்பாங்களே, டுவென் கதையில அத செஞ்சுட்டீங்கன்னா அந்தக் குழந்தை ஒரு மாசம் தூங்காது.

சூக்குயான் நான் தைரியமா சிபாரிசு பண்ற பேய், 8 வயசுக்கு மேல. பகல்ல கிழவி, ராத்திரி தோலக் கழட்டி உரல்ல வெச்சுட்டு நெருப்புப் பந்தா பறந்து போய் ரத்தம் குடிப்பா. அந்தத் தோலுக்குள்ள உப்போ மிளகோ போட்டு வெச்சா திரும்ப மாட்ட முடியாது, "தோலே தோலே, என்னைத் தெரியலையா?"ன்னு கெஞ்சுவா. இல்லன்னா வாசல்ல அரிசிய கொட்டினா போதும், ஒவ்வொன்னா எண்ணி முடிக்காம நகர மாட்டா, அதுக்குள்ள விடிஞ்சிடும். தோலுக்கு வெளிப்பக்கம் பழுப்பு, உள்பக்கம் செவப்பு போட்ட ஒரு நீள அங்கி, கழட்டும்போதே உள்பக்கம் வெளிய வந்துடணும், நெருப்புக்கு செவப்பு ஜெல் பேப்பர் சுத்தின டார்ச். அரிசி நிஜ அரிசி வேணாம், அடுத்த சீன்ல எவனாவது வழுக்கி விழுவான், தெர்மோகோல் உருண்டை போடுங்க. அவ எண்ணும்போது சபையும் சேர்ந்து எண்ணட்டும், நடுவுல ஒரு வாண்டு வேணும்னே தப்பா எண்ணிக் குழப்பும், அவ மறுபடி ஒன்னுல இருந்து ஆரம்பிக்கணும், அந்த நேரத்துல பயம் போய் சிரிப்பு வந்துடும். ஒரே ஒரு உறுத்தல், எப்பவும் தனியா இருக்கற கிழவி தான் பேய். தெருவுல அப்படி ஒரு பாட்டி இருந்தா பசங்க அவங்கள வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சிடும், அதுக்கு கதைக்குள்ளயே தனியா வாழற நல்ல பாட்டி ஒருத்தங்கள வெச்சு, அரிசி ஐடியாவ அவங்க வாயால சொல்ல வைங்க.

பக்கத்துல பக்கத்துல வெச்சா

| | வயசு | செலவு | ஒத்திகை | சபை பேசுமா | எங்க மாட்டுவீங்க |
|---|---|---|---|---|---|
| கதைசொல்லி | 4–8 | கிட்டத்தட்ட இல்ல | 2–3 வாரம் | முழுசா | ஆள் சரியில்லன்னா எல்லாம் போச்சு |
| பான்டோ | எல்லாரும் | அதிகம் | 10 வாரம்+ | நல்லாவே | இசை, பாட்டு உரிமை |
| ரெடி நாடகம் | 13+ | லைசென்ஸ் | 8 வாரம்+ | கம்மி | வெட்ட முடியாது, காத்திருக்கணும் |
| முகமூடி ஊர்வலம் | 8–12 | கைவேலைக்கு மட்டும் | 4–6 வாரம் | பாதி | பயத்தோட அளவு, கட்டைக்கால் |

வாரக் கணக்கெல்லாம் என் அனுபவத்துல சொல்றது, உங்க பசங்கள பொறுத்து மாறும்.

அப்போ யாரு எத எடுக்கலாம்

லைப்ரரி, நர்சரி, ஒன்னாங்கிளாஸ்னா யோசிக்கவே வேணாம், கதைசொல்லி. ஹைஸ்கூல் டிராமா கிளாஸ், விவாதம் பண்ணத் தெரிஞ்ச டீச்சர், கட்டணத்துக்கு பட்ஜெட், இது மூணும் இருந்தா வால்காட், இதுல ஒன்னு இல்லன்னாலும் வாய்வழி டீ-ஜான். பெத்தவங்க சங்கம் பெருசு, தைக்கறதுக்கும் டிரம்முக்கும் ஆள் இருக்குன்னா பான்டோ.

சனிக்கிழமை தமிழ் கிளாஸ்காரங்களுக்கு நான் சொல்றது வழி 1, வழி 4 ரெண்டையும் கலந்த ஒன்னு. நடுவுல ஒரு கதைசொல்லி, அவரச் சுத்தி ராபரும் பியரோவும் சூக்குயானும் வந்துட்டுப் போகட்டும், மொத்தம் 40 நிமிஷம். தமிழ்ல போடறதுக்கு கூச்சப்படவும் வேணாம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா குவாடலூப் போன தமிழ் ஜனங்க தெருக்கூத்தையும் கூடவே கொண்டு போனாங்க, அங்க அதுக்கு நாட்ரோன்னு பேரு, அதனால தமிழ்க் கூத்து அந்தக் கடலுக்குப் புதுசு இல்ல.

எத எடுத்தாலும் ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு முன்னாடி உங்க ஊர் கரீபியன் சங்கத்துல ஒரு பெரியவங்கள தேடிப் பிடிச்சு மொதல் ஒத்திகைக்குக் கூப்பிடுங்க, போஸ்டர் அடிச்சு முடிச்சுட்டு கடைசி வாரம் "பாத்து சரியான்னு சொல்லுங்க"ன்னு கூப்பிடறது மரியாதையும் இல்ல, அப்ப அவங்க தப்புன்னு சொன்னா மாத்த டைமும் இருக்காது. கூப்பிட்டா காசு குடுங்க, கதைசொல்றதும் தொழில் தான், டிரம் வாசிக்கறவருக்கு குடுப்பீங்கல்ல.